இறுகினால் நிற்பது

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுவதும் உராய்வு. எட்டாம் வகுப்புப் பாடநூலில், பெட்டியை இழுக்கும் மனிதனின் படத்தில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உராய்வு விசை நகரும் திசைக்கு எதிரே இருக்கும் என்று போன பதிப்பிலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அம்பு அப்படியே இருக்கிறது. பதிப்பகத்தில் என் திருத்தங்களைப் படிக்கிறார்களா, அதன்மேல் டீ டம்ளர் வைக்கிறார்களா, தெரியவில்லை.

பதினோரு மணிக்கு அழைப்பு மணி. திறந்தால் அண்ணி. கையில் ஒரு நாயைப் பிடித்திருந்தார் என்று எழுத வந்தேன். நாய்தான் அவரைப் பிடித்திருந்தது. ஒன்பது வருடமாக இந்த வாசலை மிதிக்காதவர். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. நின்றபடியே சொன்னார்.

மேற்படியாருக்குப் பக்கவாதம் வந்தது எனக்குத் தெரியும். (என் கூடப்பிறந்தவர், ஆறு வயது மூத்தவர். இந்த நோட்டில் அவருக்கு இதுதான் பெயர்.) நவம்பரில் இரண்டு தெரு தள்ளி ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது இதே மேசையில்தான் இருந்தேன். யாருக்கு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருத்த ஆரம்பித்தேன்.

தெரியாதது மற்றதெல்லாம். போன மாதம் வாசல் கேட்டருகே நாய் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்ததில் ஆள் விழுந்து நெற்றியில் மூன்று தையல். உடற்பயிற்சி சிகிச்சைக்காரர், இந்தச் சில மாதங்களில் தினமும் நடந்து பழகினால்தான் கால் வரும் என்கிறார். மேற்படியாரோ நாய் இல்லாமல் கேட்டைத் தாண்ட மாட்டேன் என்று படுத்துவிட்டார். அண்ணியின் தம்பிக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருக்கிறது. மே பத்தாம் தேதி வண்டியோடு வந்து நாயைக் கொண்டு போகிறாராம்.

"நாய் போச்சுன்னா அவர் எழுந்திருக்க மாட்டார் தம்பி. நாய் இருந்தா விழுந்துருவார். நான் எதைச் செய்யறது?"

நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இல்லையா என்றேன். இரண்டு பேர் வந்தார்களாம். ஒருவர் ஒரு வாரம், இன்னொருவர் மூன்று நாள்.

"நீங்கன்னா பிடிச்ச பிடியை விடமாட்டீங்க. ஒம்பது வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

மே பத்துக்குள் இழுக்காமல் நடக்கப் பழக்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கயிற்றை நீட்டினார். நாய் இங்கே இருப்பது அவருக்குத் தெரிய வேண்டாம், பயிற்சிக்கு விட்டிருப்பதாக மட்டும் சொல்லியிருக்கிறேன் என்றார்.

வாங்கிக்கொண்டேன். ஏன்? மேற்படியார் என் தயவில் நடக்கட்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் இனித்தது. மறைப்பானேன், என் நோட்டுத்தானே.

நாயின் பெயர் பட்டாளம். கறுப்பும் பழுப்பும் கலந்த கலப்பினம், இருபத்தெட்டு கிலோ. மாலை என் மனைவி தான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலைச் சுற்றியது. முன்பின் பார்க்காதவர்களிடம் நாய் அப்படிச் செய்யாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தபடி, "யாரோட நாய்னு நான் கேக்க மாட்டேன். அவர் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு இந்த வீட்ல சட்டம் இருக்கு" என்றாள்.


மார்ச் 4, புதன்

வலது தோள் கழன்றுவிட்டது போல வலி. ஒரு செருப்பைக் காணோம்.


மார்ச் 6, வெள்ளி

கால்நடை மருத்துவரிடம் போனேன். முப்பது வயதுப் பெண், கையெல்லாம் பழைய கீறல்கள். "உங்க நாயா சார்?" என்றார். ஆமாம் என்றேன். மேற்படியார் என்று ஒரு டாக்டரிடம் சொல்ல முடியாது, அதற்கு வேறு சொல்லோ என் நாக்கில் வராது. ஆமாம் சுலபம்.

அவர் சொன்னது இவ்வளவுதான். இழுத்தால் போக முடிகிறது என்று நாய் கண்டுகொண்டிருக்கிறது. அது இனி பொய்யாக வேண்டும். கயிறு இறுகிய கணமே நான் நின்றுவிட வேண்டும். பதிலுக்கு இழுக்கவோ அதட்டவோ கூடாது, கூப்பிடவும் கூடாது. நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்க வேண்டும். அதுவாகத் திரும்பிப் பார்த்து ஓரடி பின்னால் வந்து கயிறு தளர்ந்ததும் நடக்கலாம். காலோடு ஒட்டி வந்தால் ஒரு பிஸ்கட் துண்டு. எந்தப் பக்கம் நடத்துவது என்று கேட்டேன். வழக்கமாக இடது, எந்தக் கையில் பலமோ அந்தக் கையில் கயிறு என்றார்.

"நாய்க்கு ஒரு வாரத்துல புரிஞ்சிரும். ஆளுங்களுக்குத்தான் நாளாகும். நிக்கறது கஷ்டம் சார்."

இருபத்திரண்டு வருடம் வகுப்பில் இழுவிசைப் பாடம் நடத்தியவனிடம் சொல்கிறார்.


மார்ச் 9, திங்கள்

என் கேட்டிலிருந்து மருந்துக்கடை தொண்ணூறு அடி. இன்று ஐம்பது நிமிடம் ஆனது. நாற்பத்தோரு முறை நின்றேன். தபால்பெட்டி அருகே மட்டும் ஒன்பது முறை. கடைக்காரர் வெளியே வந்து சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறீங்களா, நாய் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?"

இந்த மனிதர் முன்பு என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். வேலையை விட்ட மறுமாதமே உட்கார்ந்தபடி பேச ஆரம்பித்தார். குறித்து வைத்திருக்கிறேன்.


மார்ச் 15, ஞாயிறு

நேற்று முப்பது தடவை. இன்று இருபத்தாறு.

நிற்கும்போது வேறு வேலை இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு கம்பமாக நின்றால் பழையதெல்லாம் வரிசையாக வருகிறது. அந்த விசாரணை அறையின் நீள மேசை. பச்சைத் துணி. அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் நான். நானும் மேற்படியாரும் ஒரே பள்ளி. நான் இயற்பியல், அவர் துணைத் தலைமை ஆசிரியர். வகுப்பில் சிரித்த ஒரு மாணவன்மீது கை பட்டுவிட்டது. ஓங்கினேன், பட்டுவிட்டது, அவ்வளவுதான். அவன் காது மூன்று மாதம் மந்தமாக இருந்ததாகச் சொன்னார்கள். அது என் கையால்தான் என்று யார் நிரூபிப்பது? அந்த நேரம் வராந்தாவில் போனவர் ஒரே ஒருவர். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும்.

அவர் எழுதிக் கொடுத்தது இரண்டு வாக்கியம். "நான் பார்த்தேன். அடித்தார்."

அடித்தார். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். அன்று மாலை அவர் இந்த வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் வாசலில் நின்றார். கதவைத் திறக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன்.


மார்ச் 21, சனி

எழுதவா வேண்டாமா? எழுதத்தான் வேண்டும்.

காலையில் பாதித் தெரு ஒழுங்காக வந்தது. திடீரென்று குப்பைத் தொட்டியிலிருந்து பூனை. நாய் பாய்ந்த பாய்ச்சலில் என் முட்டி தரையில் தேய்ந்து கால்சட்டை கிழிந்தது. மருந்துக்கடை வாசலில் மூன்று பேர். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு — எழுந்தேன், கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன், மிச்சக் கயிற்றை மடித்து அதன் முதுகில் போட்டேன். இரண்டு முறை. மூன்றாவதற்கும் கை போச்சு.

அது கத்தவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தது.

அந்தப் பையனும் கையைத்தான் பார்த்தான்.

பட்டுவிட்டதாம்! என்ன பட்டுடுச்சு? பட்டெல்லாம் இல்ல. அடிச்சேன். அவன் சிரிச்சான், நான் அடிச்சேன், அவன் பெஞ்சுல போய் விழுந்தான். வராந்தாவுல நின்னவர் எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இத்தனை வருஷமும் பொறுக்க முடியாம இருந்தது அதுதானோ?


மார்ச் 22, ஞாயிறு

கயிற்றை எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.


மார்ச் 24, செவ்வாய்

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெய்ப்பு பார்த்தேன். கயிற்றை நடுவில் போட்டு, அதன்மேல் பிஸ்கட் துண்டுகளை வைத்தேன். நான்கு மணி நேரம். அழுத்தமும் பரப்பும் பற்றிய அத்தியாயம் முடிந்தது. முடியும் நேரத்தில் ஒரு மூக்கு வெளியே வந்தது.

மனைவி கதவருகே நின்று பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல ஒரு நாளாவது இப்படித் தரையில உக்காந்திருப்பீங்களா?" குத்தலாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் கொண்டுவந்து தரையிலேயே வைத்தாள்.


ஏப்ரல் 5, ஞாயிறு

மருந்துக்கடை வரை நான்கே தடவை நின்றேன். கயிறு எங்கள் இருவருக்கும் நடுவில் துணி காயப்போடும் கொடி போலத் தொங்கியது. நடந்து போகும்போது அதன் மூச்சு என் இடது முழங்காலில் படுகிறது. இழுவிசை சுழி. பாடநூலில் இதைக் கணக்காகக் கொடுத்திருக்கிறேனே தவிரக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.


ஏப்ரல் 12, ஞாயிறு

ஒரு தடவைகூட நிற்கவில்லை. திரும்பி வரும்போது பூனை. பட்டாளத்தின் உடம்பு முழுக்க விறைத்தது. பிறகு என்னைப் பார்த்தது. ஒரு முழு பிஸ்கட்டையே கொடுத்தேன்.

இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அண்ணியை வந்து பார்க்கச் சொல்லி மனைவி மூலம் தகவல். (மனைவி மூலம். எப்படிச் சொல்லுவாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை.)


ஏப்ரல் 18, சனி

அண்ணி வந்தார். தெருவில் நடத்திக் காட்டினேன். கேட்டிலிருந்து தபால்பெட்டி, அங்கிருந்து மருந்துக்கடை, திரும்பி வந்து கேட். ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது, நாய் அசையவில்லை. கடைக்காரர்கூடத் தலையாட்டினார். பரிசு வாங்கும் மாணவன் மாதிரி அண்ணி முன்னால் வந்து நின்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தார்.

"ஏன் தம்பி இடது பக்கம் நடத்துறீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் நடத்துவாங்க."

"அவருக்கு இடது பக்கம்தானே விழுந்துருச்சு."

தெருவில் நின்றபடி அந்த வாக்கியத்தை மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இடது கை மடங்கி நெஞ்சோடு கிடக்கிறதாம், எதையும் பிடிக்காதாம். இடது கால் இழுபடுகிறதாம். அந்தக் காலோடு ஒட்டி நாய் வந்தால் நாய்மேலேயே தடுக்கி விழுவார். ஏழு வாரமாக நான் கற்றுக்கொடுத்தது அவரைச் சரியாக விழவைக்கும் வித்தை.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் கத்தினேன். "உனக்குத் தெரியும்தானே? நீ போய்ட்டு வந்துக்கிட்டுத்தானே இருக்கே? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவள் கத்தவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எப்படிங்க சொல்லுவேன்? அவர் பேரு இந்த வீட்ல வந்தா நீங்க தட்டை வெச்சுட்டு எழுந்து போவீங்க. ஒம்பது வருஷம் பழகிட்டேன். பக்கவாதம்னா எந்தப் பக்கம்னு முன்பின் தெரியாதவங்ககூட முதல்ல கேப்பாங்க. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னுதான் பாத்தேன்."


ஏப்ரல் 19, ஞாயிறு

மருத்துவர் இடது என்றார், அவர் தப்பு. அண்ணி முதல் நாளே சொல்லவில்லை, அவர் தப்பு. மனைவி தப்பு. சிகிச்சைக்காரர் தப்பு.

எழுதிப் பார்த்தேன். அம்பு எல்லாத் திசையிலும் போகிறது, ஒரு திசையைத் தவிர.

இன்னும் மூன்று வாரம்.


ஏப்ரல் 20, திங்கள்

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். நாய் என்னுடையது அல்ல, இன்னாருடையது, இன்ன நிலைமை. "உங்க அண்ணனுக்கா?" என்று அவர் கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் கோபப்படவில்லை. வலது பக்கம் என்பது நாய்க்கு வேறு பாடம், ஆனால் நிற்கத் தெரிந்த நாய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்றார். அவர் கவலை வேறு. மேற்படியார் வலது கையில் ஊன்றுகோல் பிடிப்பார். கயிற்று வளையமும் அதே கையின் இரண்டு விரலில்தான் இருக்க வேண்டும். நாய் ஒரே ஒரு முறை இழுத்தால் போதும், கயிறோடு ஊன்றுகோலும் போகும், ஆளும் போவார். "அவர் நடக்கற மாதிரியே நீங்க நடந்து பழக்கணும் சார். அந்த வேகம், அந்தச் சத்தம், எல்லாம். எப்படி நடக்கறார்னு பாத்திருக்கீங்கல்ல?"

பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதையும் சொன்னேன்.


ஏப்ரல் 22, புதன்

அந்தத் தெருவுக்குள் நான் ஒன்பது வருடமாக நுழைந்ததில்லை. வங்கிக்குப் போகவும் சுற்றிக்கொண்டுதான் போவேன். இன்று காலை எட்டு மணிக்கு, எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த சரக்கு வேனுக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்றேன். நாயை வீட்டில் விட்டுவிட்டேன்.

சிகிச்சைக்காரர் கேட்டுக்குள்ளே முன்முற்றத்தில் நடத்திக்கொண்டிருந்தார். முதலில் யாரோ கிழவர் என்று நினைத்தேன். பள்ளி மணி அடிக்கும்முன் மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர். இப்போது ஊன்றுகோல் முதலில் போகிறது. அடுத்து வலது கால். பிறகு ஒரு நிறுத்தம், யோசிப்பது போல. அதற்கப்புறம் இடது இடுப்பு மேலே எழும்பி, கால் வெளிப்பக்கமாக ஓர் அரைவட்டம் போட்டு, தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்கிறது. வாயின் ஓரம் ஈரம். எட்டாவது அடியில் நின்றுவிட்டார். கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே, நாய் நிற்க வேண்டிய இடத்தில், தரையைப் பார்த்தார்.

எட்டு அடிக்கு நான்கு நிமிடம். எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.


ஏப்ரல் 24, வெள்ளி

கடையில் ஊன்றுகோல் வாங்கி வந்தேன். கையில் எடுத்ததும் பட்டாளம் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டது.

என் கையில் இருப்பது எதுவாக இருந்தாலும் அதற்கு இனி அடிதான். மார்ச் 21 இன்னும் முடியவில்லை.

ஊன்றுகோலைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். மறுபடியும் பிஸ்கட்.


ஏப்ரல் 29, புதன்

நொண்டிப் பழகுகிறேன். வலது கையில் ஊன்றுகோல், சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் கயிற்று வளையம், வலது பக்கம் நாய். இடது கையை நெஞ்சோடு மடித்துக்கொள்கிறேன். கோல், வலது, நிறுத்தம், அரைவட்டம். நாய்க்கு இந்த நிறுத்தம் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறது. கம்பமாக நிற்கிறேன். என் இடுப்பு ஒரு நாளில் இப்படி வலிக்கிறதென்றால்.

மருந்துக்கடைக்காரர் இன்று சிரிக்கவில்லை. "அண்ணனைப் பழிச்சுக் காட்டுறீங்களா சார்? ஆயிரம் இருக்கட்டும், நோயில கிடக்கற மனுஷன்" என்றார். தெருவில் இரண்டு பேர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? ஒன்பது வருடமாக நானே எல்லாரிடமும் சொல்லி வைத்திருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் நினைப்பதுதான் நியாயம். முதல்தடவையாக அந்த மனிதர்மீது எனக்கு மதிப்பு வந்தது. கோல், வலது, நிறுத்தம்.


மே 2, சனி

மேற்படியாரின் தெருவிலேயே பழக்கினால்தான் அந்த இடத்தின் பூனைகளும் கேட்டுகளும் நாய்க்கு மறுபடி பழகும். மதியம் மூன்று மணி, அவர் தூங்கும் நேரம் என்று மனைவி சொன்னாள்.

தூங்கவில்லை. வீட்டுக்கு எதிரே நொண்டிக்கொண்டு போகும்போது ஏதோ உறுத்தி நிமிர்ந்தேன். முன்னறை ஜன்னலில் முகம். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ. என் இடது கை நெஞ்சில் மடங்கியபடி அப்படியே நின்றுவிட்டது. கையை இறக்குவதா, அப்படியே போவதா? அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாதி முகம்தான் இப்போது எதையும் காட்டும்.

திரை மூடிக்கொண்டது.


மே 3, ஞாயிறு

வெளியே போகவில்லை. அண்ணியிடமிருந்தும் தகவல் இல்லை. ஒரு வாரம்தான் இருக்கிறது.


மே 4, திங்கள்

"போங்க" என்றாள் மனைவி. "பழிப்புன்னு நெனச்சிருந்தா, இன்னொரு தடவை நெனச்சிட்டுப் போகட்டும். நாய்க்கு நாள் இல்ல."

போனேன். கேட் திறந்திருந்தது. கேட்டுக்கு வெளியே, தெருவில், ஊன்றுகோலோடு மேற்படியார். இரண்டு மாதமாகத் தாண்டாத கேட். அண்ணி பின்னால் ஓர் அடி தள்ளி, கையை நீட்டியும் நீட்டாமலும்.

இருபது அடி தூரத்தில் பட்டாளம் அவரைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான், ஒன்பது வாரப் பாடமும் காற்றில் போயிற்று. ஊளையிட்டுக்கொண்டு பாய்ந்தது. இரண்டு விரலில் இருந்த வளையம் விரலை அறுத்தது. ஊன்றுகோலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்க மட்டும்தான் எனக்குத் தெரியும். இப்படியே பாய்ந்து அவர்மேல் போனால் இங்கேயே, இப்போதே எல்லாம் முடிந்தது.

"அவர் கூப்பிடக் கூடாது அண்ணி" என்று கத்தினேன். "கூப்பிட்டா இழுக்கும்."

அண்ணி அவர் காதில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேற்படியார் தாமாகவே திரும்பினார். அவருக்குத் திரும்புவது சின்ன வேலை இல்லை. கோல், வலது, நிறுத்தம், அரைவட்டம், மறுபடியும் கோல். முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அந்த நாயைப் பார்க்கத்தான் அவர் கேட்டைத் தாண்டியதே. தோள் குலுங்கியது, ஆனால் திரும்பவில்லை.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. நாய் ஊளையிட்டது, முனகியது, பிறகு மூச்சு மட்டும் வாங்கியது. ஒரு கட்டத்தில் திரும்பி என்னைப் பார்த்து ஓரடி வந்தது. கயிறு தளர்ந்தது. நடந்தேன். இறுகியது. நின்றேன். இருபது அடியைக் கடக்க எத்தனை நிறுத்தம். கடைசியில் அவர் வலது காலுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தபோது, அவர் குனியாமல், ஊன்றுகோலை விடாமல், சுண்டுவிரலை மட்டும் நீட்டினார். நாய் அதை நக்கியது.

பிறகு என்னைப் பார்த்தார். ஒன்பது வருடத்துக்குப் பின் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைப்பது போலப் பேசினார்.

"நான்... அப்படி நடக்கலடா. இன்னும்... மெதுவா."

நடந்து காட்டச் சொன்னார். காட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். இடுப்பு இன்னும் தூக்க வேண்டுமாம். மறுபடி நடந்தேன். நான்காவது முறை, "ம்" என்றார். பள்ளியில் எந்த ஆசிரியரையும் அவர் அதற்குமேல் பாராட்டியதில்லை.


மே 7, வியாழன்

மூன்று நாளாக அவர்கள் முற்றத்திலேயே பாடம். முதலில் நான் அவர் மாதிரி, பிறகு அவர் அவராகவே. கயிற்றின் நடுவில் நான் இன்னொரு கயிறு கட்டிப் பிடித்திருந்தேன். இன்று அதை அவிழ்த்துவிட்டோம்.

களைத்துப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி உள்ளே போயிருந்தார். அவர் நாயைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கு... நீ அடிச்ச. நான் பாத்தேன்."

அந்தப் பச்சைத் துணி மேசையில் என்னிடம் கேட்டபோது, இல்லை என்று சொன்னவன் நான். இன்று மேசை இல்லை, கேட்கிற நான்கு பேரும் இல்லை.

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, கஷ்டப்பட்டு, "வாசல்ல... ரொம்ப நேரம் நின்னேன்டா" என்றார். பட்டாளம் இருவர் காலுக்கும் நடுவில் படுத்திருந்தது.


மே 10, ஞாயிறு

பத்து மணிக்கு அண்ணியின் தம்பி பண்ணை வண்டியோடு வந்துவிட்டார். பின்பக்கம் கூண்டு, சாக்கு விரித்து, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, நல்ல மனுஷன். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. சோதனை இவ்வளவுதான்: கேட்டிலிருந்து மின்கம்பம், திரும்பி கேட். ஒரு தடவை இழுத்தாலும் நாய் வண்டியில் என்று அண்ணிதான் சொல்லியிருந்தார்.

அண்ணன் புறப்பட்டார். நான் கேட்டருகே நின்றேன், கூடப் போகக் கூடாது என்பது நிபந்தனை. கோல், வலது, நிறுத்தம், அரைவட்டம். அந்த நிறுத்தத்தில் நாயும் நின்றது. மின்கம்பத்தில் திரும்பும்போது எதிர்வீட்டுச் சுவரிலிருந்து பூனை குதித்தது. அண்ணனை விழவைத்த அதே பூனையாம். அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்தது அவருக்கே தெரிந்திருக்காது. பட்டாளத்தின் முதுகு மயிர் எழுந்தது. கயிறு மெல்ல, மெல்ல நிமிர்ந்தது.

அண்ணன் நின்றார். கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம்.

நாய் அவர் முகத்தைப் பார்த்தது. ஓரடி பின்னால் வந்தது.

அண்ணியின் தம்பி சாக்கை மடித்து முன் இருக்கையில் போட்டுக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.


மே 16, சனி

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். அண்ணனுக்காக. நானும் பக்கத்தில் இருந்தேன்.


ஜூன் 7, ஞாயிறு

காலையில் பேக்கரி முனை வரை. இதுதான் இதுவரை போன தூரத்தில் அதிகம். வலது பக்கம் பட்டாளம். இடது பக்கம் காலியாக இருப்பதால் நான்.

எட்டாம் வகுப்பு நூல் அச்சாகி வந்திருக்கிறது. அம்பு இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. அதை அண்ணனிடம் சொல்ல ஆரம்பித்தேன். ஓவியர், பதிப்பாசிரியர், போன வருடம் அவர்கள் செய்தது, அதற்கு முந்தின வருடம் செய்தது. சொல்லச் சொல்லச் சூடேறியது, கால் வேகம் பிடித்தது. என் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஊன்றுகோல் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். பத்து அடி பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். களைப்பு இல்லை, முகம் தெளிவாகவே இருந்தது. என்னைக் கூப்பிடவும் இல்லை. பேக்கரிப் பலகையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். பக்கத்தில் நாய், கயிறு தொங்கத் தொங்க உட்கார்ந்து என்னையே பார்த்தது.

அந்த நிற்பை எனக்குத் தெரியும்.

திரும்பி நடந்து அவர் இடது பக்கம் போய் நின்றேன். பிறகுதான் அண்ணன் கோலை எடுத்து வைத்தார்.